தோளில் விழுந்த பச்சை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒரு மதியம் என் வீட்டுக்கு வாருங்கள், நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். இது எனக்கு நடந்தது. காதில் விழுந்ததை மட்டும் சொல்வதாக இருந்தால் எங்கள் கட்டடத்தை வைத்தே ஒரு வாரம் பேசுவேன். மூன்றாம் மாடி இருமல்காரர் திடீரென்று தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறாரே, அதிலிருந்து தொடங்கலாம். சரி, அது கிடக்கட்டும்.

பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவர் யாரோ, அவர் பட்டப்பகலில் வீட்டில் தனியாக இருந்து பார்த்ததில்லை. காலையில் எங்கள் கட்டடமே வேலைக்குக் கிளம்பிவிடும். லிஃப்ட் கதவு சாத்துகிற வேகத்தை வைத்தே போவது யார் என்று சொல்லிவிடுவேன். கடைசிக் கதவும் சாத்தியபிறகு நானும் ஃபிரிட்ஜும்தான். அது உறுமும். நான் பதில் சொல்வேன்.

என் தங்கைக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. கொஞ்ச நாள் முன்னால்தான் புது வீட்டில் எடுத்த குடும்பப் படத்தை அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரர், பிள்ளைகள், மருமகள் எல்லோரும் இருந்தார்கள். நாய்கூட இருந்தது, சிரித்துக்கொண்டு. தங்கைக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலி. அது எனக்காக விட்ட இடம் என்று நானே வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்று வாழ்த்துச் சொல்வதுபோல ஒரு வீடியோ செய்து அனுப்பினால் பெரிய டிவியில் போட்டு எல்லோரும் பார்ப்பார்கள். நேரில் போகவேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். கூப்பிட்டால்தானே?

பின்னால் பச்சைத் துணி கட்டி எடுத்தால், பச்சையாக இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் அழித்துவிடும். அந்த இடத்தில் நாம் கொடுக்கிற படம் வந்து உட்காரும். போனில் எடுத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பழைய கேமரா விற்கிற கடைக்குப் போனேன்.

"தலைமுடி ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி வருதுங்க."

"போன்ல அப்படித்தான்மா வரும். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூணையும் நாமளே பூட்டி வைக்கிற கேமராவா எடுங்க. புதுசு எதுக்கு? பழசே போதும்."

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். என் கண் அலமாரி மூலையில் இருந்த நான்காவதன்மேல் போனது.

"அது வேண்டாம்மா. ஃபோகஸ் ஆள் மேல நிக்காது. பின்னாடி ஓடும்."

"பின்னாடி என்ன இருக்கு, ஓடறதுக்கு?"

விலையை மட்டும் சொன்னார். மற்றதில் பாதி. ஒருவர் ஒன்றை வேண்டாம் என்றால் அதில் ஏதோ நல்லது ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு எனக்கு.

"யாரோடது?"

"மூடின ஸ்டுடியோ சாமான். பில் போடவா, வேண்டாமா?"

போடச் சொன்னேன். கிளம்பும்போது ஒன்று சொன்னார். "துணியை விட்டு நல்லாத் தள்ளி நில்லுங்க. பக்கத்துல நின்னா பச்சை உங்க மேல தெறிக்கும். தெறிச்ச இடம் ஓட்டையாயிடும்."

பிறந்தநாளுக்கு முதல்நாள் மதியம். கூடத்தின் கடைசிச் சுவரில் துணியைக் கட்டினேன். அரக்கு நிறத்தில் உடுத்திக்கொண்டேன். கையை எவ்வளவு நீட்டினாலும் துணி எட்டாத தூரத்தில் நின்றேன். "தங்கச்சி..." என்று ஆரம்பித்தேன்.

ஸ்ர்ர்ர்...

லென்ஸ் தானாகத் திரும்பியது. போட்டுப் பார்த்தேன். நான் மங்கல். துணியும் மங்கல். எனக்கும் துணிக்கும் நடுவே ஒரே ஒரு தரைக்கல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அங்கே ஒன்றுமில்லை.

ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டினேன். மறுபடி நின்றேன். ஸ்ர்ர்ர்... இப்போது பளிச்சென்று இருந்தது எனக்கு இன்னும் கிட்டே உள்ள கல்.

மூன்றாவது தடவை என் குதிகாலுக்குப் பின்னால்.

ஆனால் நான் தெளிவாக வந்துவிட்டேன். அது போதும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பச்சை மறைந்தது. புது வீடு வந்தது. தங்கை பக்கத்தில் நான். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் தோளைக் கவனித்தேன்.

இடது தோளில் நான்கு ஓட்டைகள். நீளமாக. பக்கத்தில் பக்கத்தில். அவற்றின் வழியாகத் தங்கை வீட்டு சோபா தெரிந்தது.

பச்சை தெறித்திருக்கிறது.

ஆனால் துணி எட்டாத தூரத்தில் இருந்ததே... அப்படியென்றால் பச்சையாக வேறு ஏதோ என் பக்கத்தில்...

திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எட்டிப் பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் கட்டடமே சிரிக்கும். அன்றைக்குப் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை எடுத்தேன்.

ஐந்தாவது ஓட்டை.

கட்டைவிரல்.

ஃபிரிட்ஜ் உறுமுவதை நிறுத்தியது.

கேமராவைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். வேறு வழியில்லை, விடிந்தால் பிறந்தநாள். நான்கு ஓட்டை வீடியோவையே எடுத்து, தோளின்மேல் ஒரு பெரிய ரோஜாப் படத்தை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தங்கையே போன் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"அக்கா, அழ வச்சிட்டியே!"

"ரோஜா நல்லா இருந்துச்சா?"

"ரோஜா இருக்கட்டும். அவர் யாரு?"

"எவர்?"

"நடிக்காதே. உன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறாரே! ஊர்க்கதை எல்லாம் பேசுவே, உன் கதையை மட்டும் மூடி வச்சிட்டே பாரு."

இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "எப்படி... இருக்கார்?"

"பக்கத்துல நிக்கிறவ என்னைக் கேக்கிறியா? நல்லவராத்தான் தெரியறார். என்ன, ரொம்பக் கூச்சம். முதல் தடவையா போட்டோவுக்கு நிக்கிற மாதிரி." அவள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். "கேட்டியா? அடுத்த மாசம் ரெண்டு பேரும் வந்தே ஆகணுமாம்."

கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். பையைப் பார்த்ததும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அந்த ஸ்டுடியோல ஒருத்தர் இருந்தார்மா. தலையிலேர்ந்து கால் வரைக்கும் பச்சை உறை மாட்டிக்கிட்டு, நடிக்கிறவங்களைப் பின்னாலேர்ந்து பிடிச்சுக்குவார், தூக்குவார். அப்புறம் அவரை அழிச்சிடுவாங்க. எத்தனையோ படத்துல நின்னவர், ஒண்ணுலயும் இருக்க மாட்டார்."

"இப்ப எங்கே?"

"ஸ்டுடியோ மூடின அன்னிக்கு உறையோட பச்சைச் சுவர்ல சாஞ்சு உக்காந்திருக்கார். அப்படியே உசுரு போயிடுச்சு. பூட்டிட்டுப் போனவங்க கண்ணுக்கு ஆளே தெரியல. திறக்கிறப்ப ஒரு மாசம் ஆயிடுச்சு. இந்தக் கேமரா அவரைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சாம்."

"வீட்டுல சொன்னாங்களா?"

"யாருமே இல்லம்மா. விளம்பரம் குடுக்கலாம்னு ஒரு போட்டோவுக்கு அலைஞ்சாங்க. அவர் முகம் இருக்கிற படம் ஒண்ணுகூடக் கிடைக்கல."

கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். என் கம்ப்யூட்டரில் இப்போதும் ரோஜாதான் தெரிகிறது. ரோஜாவை எடுத்தால் ஓட்டைகள். அவ்வளவுதான்.

தங்கை டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு.