கல்யாண மாலையும் இரண்டு ஆறுகளும்

கல்யாண மாலையை ஆற்றில் விடாமல் மகன் கடல் தாண்டக் கூடாது என்று சித்தியின் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குச் சிங்கப்பூர் வேலை தயார். மாலையை விட்ட பிறகு விமான டிக்கெட் எடுப்பதாக ஏற்பாடு. ஆடிப்பெருக்கு அன்று, சருகாகிப்போன இரண்டு மாலைகளை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, சித்தி, சித்தப்பா, மாமியார், துணைக்கு ஒன்பது வயது நான் என்று நாலு பேரும் உப்பிலியபுரத்தில் பஸ் ஏறினோம். காவிரியைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் முந்தின நாள் ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பஸ் ஒரு நீளமான பாலத்தில் ஏறியது. கீழே வெறும் மணல். நடுவில் நாணலும் இரண்டு மாடுகளும் நின்றன. ஆடிக் காற்று மணலை வாரி ஜன்னல் வழியாக எங்கள் முகத்தில் அடித்தது. மாமியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லையேப்பா! மாலைய எங்க விடுறது?”

“தண்ணி வந்தப்பறம் விட்டுக்கலாம் அத்தை. டிக்கெட்ட மெதுவா எடுத்துக்கலாம்” என்றாள் சித்தி. காலையிலிருந்து உம்மென்று வந்தவள் அப்போதுதான் சிரித்தாள். எனக்கு முறுக்குகூட எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றார் மாமியார். சித்தப்பாவும் தலையாட்டினார். என் வாய் சும்மா இருக்குமா? கண்டக்டரிடம் போய், காவிரியில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டேன்.

“இது கொள்ளிடம் பாப்பா. வெள்ளம் மிஞ்சினாத்தான் இதுல வரும். ஸ்ரீரங்கத்தத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பாரு, காவேரி கரைமுட்டிப் போவுது!”

நான் ஓடிவந்து சித்தியைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த வேன்கள். எல்லார் கையிலும் போன், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு படித்துறைக்கு வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர். அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் நகர்ந்தது. அதற்கு அப்பால் மலைக்கோட்டை. கொஞ்ச நேரம் முன்பு கண்ணில் மணலைக் கொட்டிய அதே காற்று, இங்கே ஈரமாகச் சில்லென்று வந்தது. ஒரே ஊருக்கு அந்தப் பக்கம் பொட்டல், இந்தப் பக்கம் இது! உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமாகக்கூட இருந்தது. மாமியார் தலைக்கு மேலே கைகூப்பினார்.

சித்தியும் சித்தப்பாவும் மாலைகளைத் தண்ணீரில் வைத்தார்கள். வைத்த மாத்திரத்தில் ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சித்தியின் கண் கலங்கியிருந்தது. பாலத்து மணல்தான் விழுந்திருக்கும் என்று நினைத்து ஊதிவிட்டேன்.

என்னால்தான் காரியம் நடந்தது என்று மாமியார் எனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தார். வீடு வரும்வரை அதைக் குலுக்கிப் பெருமையடித்துக்கொண்டே வந்தேன். அடுத்த மாதமே சித்தப்பா விமானம் ஏறினார். பாஸ்போர்ட்டுக்காக நாலு தடவை அதே பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போய் வந்த மனுஷர், அன்று அதன் மேல் ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.