ரூட்டரை ரீசெட் செய்த ஞாயிறு

பட்டறையில் அவனுக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இடிபட்டு நசுங்கி வரும் வண்டிகளுக்குப் பட்டி பூசித் தேய்த்து நிறம் அடிப்பது அவன் தொழிலாக இருந்தது. முதலாளி தலைமேல் நின்று கத்தினாலும் சரி, வண்டிக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாலும் சரி, ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை அடிக்கமாட்டான். "நிதானம்கிட்ட குடுத்தா வண்டி நல்லா வரும். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க" என்பார்கள். அப்படிப்பட்டவன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்பின் யோசிக்காமல், ரூட்டரின் முதுகில் இருந்த சின்ன ஓட்டைக்குள் ஊக்கு முனையை விட்டு அழுத்திப் பிடித்தான்.

அவசரத்துக்குக் காரணம் முந்தைய நாள் மாலையில் நடந்த சண்டை.

இரண்டு வருடத்துக்கு முன், பெயிண்ட் புகை அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது, இனி ஸ்பிரே துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேய்ப்பு வேலைக்கு மட்டும் வரச் சொன்னது பட்டறை. "நீங்க பாப்பாவைப் பாத்துக்கோங்க, நான் போறேன்" என்று அவன் மனைவி கிளம்பினாள். கடல் தாண்டி, வேறொரு நாட்டில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்க வேண்டும். ஒப்பந்தம் இரண்டு வருடம்.

போவதற்கு முன் வீடு முழுக்க அவளே எல்லாவற்றையும் மாட்டினாள். கூடத்து அலமாரியின் மேல் ஒரு கேமரா, சமையலறையில் ஒன்று. அங்கிருந்தே போனில் ஏற்றி அணைக்கிற மாதிரி பல்புகள். பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். அவன் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அவள் அந்தக் கேமரா வழியாகத்தான் அந்த வீட்டில் குடித்தனம் நடத்தினாள். அங்கே இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் இங்கே குரல் கேட்கும். "பாப்பா, ரெண்டாவது பட்டன் போடல பாரு." "என்னங்க, அடுப்பைக் குறைச்சு வைங்க." பாப்பா அலமாரியை அண்ணாந்து பார்த்தே பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்லுவாள். ஆறு வயதுக்காரிக்கு அம்மா என்றால் அலமாரி உயரத்தில் இருக்கிற ஒரு குரல்.

சனிக்கிழமை பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டீயை ஆற்றி, ஏதோ சொல்லி, மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அலமாரி பேசியது. "காலைப் பாத்திரம் இன்னும் அப்படியே ஊறுதே. இதுக்குத்தான் நான் இங்க கிடந்து சாகிறேனா?"

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சரி நிதானம், மேலிடத்து உத்தரவு வந்துடுச்சு" என்று ஒருவன் எழுந்தான். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்தவனுக்கு அதற்குமேல் முடியவில்லை.

"நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? இன்னொரு தடவை ஆள் முன்னாடி இப்படிப் பேசினா இதைப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சிடுவேன்!"

கேமராவின் சின்ன நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இரவெல்லாம் அவனுக்குக் கண் ஒட்டவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரங்கள்தான். திரும்பி வருகிறாளா, இன்னொரு வருடம் இருக்கிறாளா என்று இல்லத்தின் மேற்பார்வையாளரிடம் ஞாயிறு மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். வந்துவிடுவதாகத்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். காலையில் அவள் முதல் இடைவேளையில் எட்டிப் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, விடிந்ததும் குளித்து, பாத்திரங்களைப் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான். ரூட்டரில் சிவப்பு விளக்கு. நெட் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால் பதிவு செய்த குரல் ஒன்று, அணைத்துப் போடுங்கள் என்றது. போட்டான். வரவில்லை. போனில் பழைய இணைப்பை மறக்கச் செய்யுங்கள் என்றது. செய்தான். வரவில்லை. கடைசி வழியாக ரீசெட் என்றது. அவள் எட்டிப் பார்க்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊக்கைத் தேடி எடுத்து அழுத்தினான்.

விளக்கெல்லாம் ஒருசேர அணைந்து, ஒவ்வொன்றாக ஏறின. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த, கம்பெனி வைத்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போனில் அடித்தான். நெட் வந்தது. "அப்பாடா" என்று நிமிர்ந்தவன் அலமாரியைப் பார்த்தான். கேமரா சிவப்பாகச் சிமிட்டியது. பல்புகளுக்கு உயிர் இல்லை. ஸ்பீக்கர் யாரோ ஒரு பெண் குரலில், "இணைப்பு கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னது.

"அப்பா, அது அம்மா இல்ல" என்றாள் பாப்பா. "யாருப்பா அது?"

அப்போதுதான் அவன் போனில் செய்தி வந்தது. மனைவியிடமிருந்து ஒரே வரி. *கேமரா ஆஃப் ஆயிடுச்சு. சொன்னதைச் செஞ்சுட்டீங்க. சரி.*

உடனே கூப்பிட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. 'நான் பிடுங்கல, நெட் போயிடுச்சு' என்று அடித்து அனுப்பினான். படித்துப் பார்த்தபோது அவனுக்கே பொய் மாதிரி இருந்தது. நேற்று எறிந்துவிடுவேன் என்றவன் இன்று நெட் போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனைத் திறந்தால் முதலில் கேமராவைத்தான் பார்ப்பாள், எப்போதும் அப்படித்தான். அதற்குள் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும். அவனையும் பாப்பாவையும் அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேமராவைக் கழற்றினான், மாட்டினான். அதன் செயலியைத் தன் போனில் இறக்கி, சொன்னபடியெல்லாம் செய்தான். கடைசியில் திரையில் வந்தது: 'இந்தக் கேமரா வேறொருவருடைய கணக்கில் உள்ளது. உரிமையாளரை அணுகவும்.' உரிமையாளரைத்தானே அவன் காலையிலிருந்து அணுகிக்கொண்டிருக்கிறான்! அவன் வாய்விட்டு அழாத குறை. பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மாவைக் கோச்சுக்க வச்சிட்டியாப்பா?" என்றாள். அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

முனையில் இருந்த மொபைல் கடை பாதி ஷட்டரில் இருந்தது. குனிந்து உள்ளே போனான். கடைக்காரம்மா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருடைய போனையோ குடலை உருவிக்கொண்டிருந்தாள்.

"லீவு அண்ணே, நாளைக்கு வாங்க."

"அம்மா, நாளைக்கு வந்தா என் குடும்பம் இருக்காது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் முகத்தையும் பிள்ளையையும் பார்த்தாள். அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், "கேமராவை ஏன் நோண்டுறீங்க? அதை விடுங்க" என்றாள். "ரூட்டர்ல முன்னாடி என்ன பேரு, என்ன பாஸ்வேர்ட் இருந்துச்சோ அதையே திரும்ப வச்சிடுங்க. வீட்டுல இருக்கிற சாமான் எல்லாம் அந்தப் பேரைத்தான் தேடிக்கிட்டு கிடக்கு. பேரு தெரிஞ்சா தானா வந்து ஒட்டிக்கும். ஒரு எழுத்து மாறினாலும் வராது."

"பழைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாதேம்மா. அவதான் போட்டா."

"உங்க போன்ல இருக்குமே?"

"மறக்கச் சொன்னாங்க. மறக்க வச்சிட்டேன்."

கடைக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வேற யாராவது உங்க வீட்டுக்கு வந்து நெட் போட்டிருக்காங்களா? அவங்க போன்ல இருக்கும்."

ஒரே ஒருத்திதான். மனைவியின் தங்கை. அக்காவை வழியனுப்ப வந்து இரண்டு நாள் தங்கியவள். அதற்குப்பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "உங்களால முடியலன்னு எங்க அக்காவை அனுப்பிட்டீங்க" என்று விமான நிலையத்திலேயே முகத்துக்கு நேராகச் சொன்னவள்.

ரூட்டருக்குள் போய்ப் பெயரை எங்கே மாற்றுவது என்பதைத் தன் கடை ரூட்டரிலேயே ஒருமுறை செய்து காட்டினாள் கடைக்காரம்மா. பணம் எடுக்கக் கை போனபோது, "முதல்ல போங்கண்ணே" என்று விரட்டினாள்.

கொழுந்தியா ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள். பேருந்தில் அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே போனைப் பார்த்தான். அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவன் நெஞ்சு அடைத்தது. புகையாலா பயத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். பாப்பாவை மட்டும் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனை நிலையிலேயே நிறுத்தினாள்.

"அக்கா காலைல போன் பண்ணி அழுதா. கேமராவைப் பிடுங்கி எறிஞ்சிட்டீங்களாமே மாமா? இங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் பிடுங்கல."

"அப்ப அக்கா பொய் சொல்றாளா?"

"பிடுங்கிடுவேன்னு சொன்னேன். வாஸ்தவம். ஆனா பிடுங்கல. நெட் போச்சு, ரீசெட் பண்ணேன், எல்லாம் போச்சு. உன் போன்ல எங்க வீட்டு பாஸ்வேர்ட் இருக்கும். அதைக் குடு, போதும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணும்னாலும் திட்டு."

அவள் வாயைத் திறப்பதற்குள் இருமல் வந்து அவனை மடக்கிப் போட்டது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இருமினான். கண்ணில் வழிந்த நீர் இருமலோடு நிற்கவில்லை. பாப்பா சித்தியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி வந்து அவன் முதுகைத் தட்டினாள். இரண்டு வருடமாகத் தினமும் செய்து பழகிய தட்டு.

கொழுந்தியா தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். "இருக்கு" என்றாள். பெயர், ஆங்கில எழுத்தில் வீடு என்று. பாஸ்வேர்டைப் படித்தபோது அவன் திரும்பச் சொல்லச் சொன்னான். அவர்கள் வாசலில் இருக்கும் மின்சார மீட்டரின் எண். தினமும் அதற்கடியில்தான் செருப்பை விடுகிறான். பிள்ளை பிறந்த தேதியாக இருக்குமோ, கல்யாண நாளாக இருக்குமோ என்று பேருந்தில் அவன் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"எங்க அக்காவுக்கு வேற என்ன தோணும்?" என்றாள் கொழுந்தியா. சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். "போங்க மாமா, ஆட்டோ பிடிச்சுப் போங்க. நானும் அவளுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்."

வீட்டுக்கு வந்து பெயரை மாற்றினான், எண்ணை அடித்தான். காத்திருந்தான். கேமரா சிவப்பாகவே சிமிட்டியது. ஸ்பீக்கர் அந்தப் பழைய பாட்டையே பாடியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். சிவப்பு. சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. தரையில் உட்கார்ந்து ரூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "வந்து தொலையேன்" என்று அதைக் கெஞ்சினான். போன் அடித்தது. கொழுந்தியா.

"வந்துச்சா?"

"இல்ல. எல்லாம் போச்சு."

"பேரை எப்படி அடிச்சீங்க? படிங்க." அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "ஐயோ மாமா, முதல் எழுத்து பெரிய எழுத்து! சின்னதா போட்டிருக்கீங்க!"

மாற்றினான். முதலில் கூடத்துப் பல்பு கண்ணை விழித்தது. ஸ்பீக்கர் பாதி வாக்கியத்தில் வாயை மூடியது. சமையலறையில் ஏதோ டிக் என்றது. கடைசியாக, அலமாரிமேல் சிவப்பு நின்று நீலம் வந்தது. பாப்பா கையைத் தட்டிக் குதித்தாள். அவன் எழுந்து தலையைக் கோதிக்கொண்டு கேமராவுக்கு நேரே நின்றான். அவள் பார்க்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகுதான் குரல் வந்தது. "பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். இங்க பாரு, நான் பிடுங்கல."

"தெரியும். தங்கச்சி சொன்னா. இருந்தாலும் சொன்னீங்கல்ல" என்றாள்.

"சொன்னேன். தப்புதான்."

"நானும் ஆள் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது." மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "என்னங்க, நான் எழுதிக் குடுத்துட்டேன். இன்னும் ஒரு வருஷம்."

"எப்ப?"

"காலைல. இது அணைஞ்சதும், இனிமே அங்க எனக்கு என்ன இருக்குன்னு நேரா போய்க் கையெழுத்துப் போட்டேன். இப்பதான் போய்க் கேட்டுப் பார்த்தேன். மாத்த முடியாதாம்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். காலையில் ஊக்கைக் கையில் எடுத்த கணத்தை நினைத்தான். அவன் கடையிலும் பேருந்திலும் கொழுந்தியா வாசலிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோதெல்லாம் காரியம் முன்னமே முடிந்துபோயிருந்தது. அலமாரியில் அவளும் அழுதுகொண்டிருந்தாள். பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த ஒரு வருடத்தை அவர்கள் தள்ளினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறைக் கேமராவை அவளே கழற்றச் சொன்னாள். கொழுந்தியா ஞாயிற்றுக்கிழமைகளில் வரப்போக ஆரம்பித்தாள். குளிர்காலம் முழுக்க அவனுக்கு மூச்சு முட்டியது. அதை அவளிடமிருந்து மறைத்தான். அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டதை அவள் மறைத்தாள். இரண்டையும் கொழுந்தியாதான் இருபக்கமும் போட்டு உடைத்தாள்.

ஒப்பந்தம் முடிந்து அவள் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் பாப்பா அவன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா முட்டிபோட்டுக் கையை நீட்டியும் வரவில்லை. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"அம்மா இவ்ளோ குட்டையாப்பா?"

அது காதில் விழுந்த அவன் மனைவி, முட்டிபோட்டபடியே, முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா மெல்ல எட்டி அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.