இரண்டு இன்ஜின் குறைந்த விமானம்

போன வாரம் உலகத்திலேயே மிகப் பெரிய விமானத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

நம்புங்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், நண்பர் கந்தசாமியின் பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிள் மேல் அடுக்கடுக்காகக் கிடந்தது. உக்ரைன் போரில் எரிந்துபோன அந்த ஆறு இன்ஜின் ராட்சதன்தான். நிஜத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது போனபிறகு, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் அதைக் குழந்தைகள் டி-ஷர்ட்டில் பறக்கவிட ஆசைப்பட்டிருக்கிறார். படத்துக்குக் கீழே 'உலகின் மிகப் பெரிய விமானம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வேறு.

பெரிய சைஸில் சாம்பிள் ஓகே ஆகிவிட்டது. சின்ன சைஸில்தான் வந்தது வினை. இரண்டு வயதுக் குழந்தையின் நெஞ்சில் எவ்வளவு இடம் இருக்கும்? முழுதாகச் சுருக்கினால் கொசு மாதிரி தெரிகிறது என்று, இறக்கையின் இரண்டு நுனியையும் கொஞ்சம் வெட்டச் சொல்லிவிட்டார் கந்தசாமி. வெட்டியதில் ஓரத்து இன்ஜின் இரண்டும் போய்விட்டன. யார் கவனித்தது? யாருமில்லை... கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையர் தரப்பு ஆளைத் தவிர. அவர் விரல் வைத்து எண்ணினார்.

ரிஜெக்ட்!

"ரெண்டு வயசுக் கொழந்த இன்ஜினையாங்க எண்ணீட்டிருக்கப் போகுது?" என்று கந்தசாமி கெஞ்சியிருக்கிறார்.

"ஆறு இருந்தாத்தான் சார் அது பெரிய விமானம்" என்றாராம் அவர்.

நியாயம்தான். நிஜ விமானத்தைக் காப்பாற்ற முடியாத உலகம், பனியனில் அதற்கு ஒரு இன்ஜின்கூடக் குறையக் கூடாது என்பதில் எவ்வளவு கறாராக இருக்கிறது!

மறுபடி துணி, மறுபடி பிரிண்டிங், மறுபடி தையல். அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. சொன்ன தேதிக்குச் சரக்கு வராவிட்டால் மொத்த ஆர்டரும் கேன்சல் என்றார் பையர். விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது — அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஊரில் ஷிப்மென்ட் ஏர்ல போகுது என்றால் யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். துக்கம் விசாரிக்கத்தான் வருவார்கள். நானும் அதற்குத்தான் போயிருந்தேன்.

கந்தசாமியின் மனைவி சாவித்திரி டீ கொடுத்தார். பொங்கலூரில் அவருக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த காடு இருந்தது. சோளம் விதைக்கிற மானாவாரி நிலம். வயதான காலத்தில் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விமானக் கட்டணத்துக்காக அன்று காலைதான் அதைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"விடுங்க. கம்பெனி நின்னுபோச்சுன்னா இத்தன பேரும் எங்கீங்க போவாங்க?" என்றார் சாவித்திரி என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் இருந்தது.

வெளியே அட்டைப் பெட்டிகளை விமான நிலையத்துக்குப் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாவித்திரி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியும் ஏறியதும் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க... ஒரு காடு பூராவும் ஒரே பிளேன்ல போயிருமுங்களா?"

கந்தசாமி லாரிக் கதவைச் சாத்தப் போய்விட்டார். அங்கே நான் சொல்லாததை இங்கே சொல்கிறேன் — போகும் அம்மணி. திரும்பித்தான் வராது.