அரைஞாணில் கட்டிய மஞ்சள் பட்டை

சங்கமித்ராவின் வேலை மணிக்கட்டைப் பிடிப்பது. மீஞ்சூர் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது அந்தத் தீம் பார்க். டிக்கெட் வாங்கியவர்கள் முதலில் அவள் கவுன்ட்டருக்குத்தான் வருவார்கள். ஆளுக்கொரு ரப்பர் பட்டை, உள்ளே சிப். ராட்டினத்தின் கதவைத் திறப்பதும் லாக்கரைப் பூட்டுவதும் அதுதான். குழந்தைகளுக்கு மஞ்சள் பட்டை. அங்கங்கே நிற்கும் கம்பங்கள் அதைப் படித்து, குழந்தை இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் புள்ளியாகக் காட்டும். குழந்தை வெளிவாசலைத் தாண்டினால் மணி அடிக்கும்.

"நம்ம சங்கு கையப் புடிக்கத்தான் சம்பளம் வாங்குது" என்று வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். கன்டெய்னர் யார்டில் முதுகு ஒடிந்து அப்பா பீம்ராவ் படுத்துவிட்ட பிறகு, வீடு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எண்ணூர்க் குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டத்தில் ஜெயக்கொடி இருந்தாள், இடுப்பில் மூன்று வயது மகள் மதி. குழந்தையின் கை குச்சி போலிருந்தது. பட்டையைக் கடைசித் துளைவரை இறுக்கியும் கழன்று விழுந்தது. சங்கமித்ரா அதைக் காலில் மாட்டிப் பார்த்தாள், குழந்தை உதறிவிட்டது. சின்ன அளவு தீர்ந்துபோயிருந்தது. அப்படியானால் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. வரிசை வாசலுக்கு வெளியே நீண்டிருந்தது.

"அரணாக்கவுத்துல கட்டிவுடுக்கா" என்றாள் ஜெயக்கொடி. "வூட்டு சாவியே நான் அதுலதான் மாட்டி அனுப்புவேன். எங்கியும் போவாது."

சங்கமித்ரா குழந்தையின் கவுனைத் தூக்கி, கறுப்பு அரைஞாண் கயிற்றில் பட்டையை முடிச்சிட்டாள்.

பிற்பகலில் அலைக்குளத்தில் விசில் ஊதினார்கள். மதியைக் காணவில்லை. குளத்துப் படிக்கட்டில் கடைசியாகத் தெரிந்த புள்ளி, அதன் பிறகு திரையில் எங்கும் வரவில்லை.

"தண்ணிக்குள்ள போனாத்தான் புள்ளி இப்படி மறையும்" என்றார் மேற்பார்வையாளர் டென்னிஸ். அலை நின்றது. காவலர்கள் கைகோத்து, ஒவ்வோர் அடியாகக் காலால் தரையைத் துழாவி நடந்தார்கள். கரையில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நடப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் கேட்டுக் கவுன்ட்டரிலிருந்து ஓடிவந்த சங்கமித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. நனைந்த கவுனுக்குள், வயிற்றோடு ஒட்டிய பட்டையையும் கம்பம் படிக்காது. குழந்தை தண்ணீரில் இருக்கலாம். வேறெங்கும் இருக்கலாம். வாசலைத் தாண்டியிருந்தாலும் மணி அடித்திருக்காது. அது பார்க் ஆட்களில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். அவள் டென்னிஸிடம் போனாள்.

"சார், பட்டை கைல இல்ல. இடுப்புல, துணிக்குள்ள. நான்தான் கட்டினேன்."

"என்னம்மா சொல்லுத?"

"கேட்ல மணி அடிச்சிருக்காது சார்."

டென்னிஸ் குளத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "பாதிப் பேரு தண்ணியிலயே நில்லுங்கல. மத்தவங்க வெளிய ஓடுங்க." அதற்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

வெளியே லாரிகள் எஞ்சினை உறுமவிட்டு நின்றன. சாலையைக் கடந்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்தாள்.

"இன்னாமா தேடிகினு கீற? லைன் நவுறப் போவுது" என்றார் ஒரு டிரைவர்.

"கொயந்தண்ணா. வண்டிய எடுக்காதீங்க."

அவர் கீழே குதித்து முன்னால் பார்த்துக் கத்தினார். "மாமு, எவனும் கியர் போடாத. அடியில கொயந்த கீதாம்."

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அடுத்த லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே, நிழலில் படுத்திருந்த நாயின் அருகில் மதி குந்தியிருந்தாள். அந்தப் பக்கம் சாலையின் அடுத்த தடம். பேருந்துகள் பறந்துகொண்டிருந்தன. மிரண்டால் அங்கேதான் ஓடுவாள்.

"மதி, வா கண்ணு."

"நாய் தூங்குது" என்றாள் குழந்தை.

சங்கமித்ரா டீசல் கறையில் மல்லாந்து, முதுகால் ஊர்ந்து உள்ளே போனாள். கை எட்டியதும் கவுனைக் கொத்தாகப் பிடித்தாள். நெஞ்சோடு சேர்த்து வெளியே இழுத்தாள்.

வாசலுக்கு ஓடிவந்த ஜெயக்கொடி மகளை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். "நாந்தான் கட்டச் சொன்னேன், அக்காவ ஒண்ணியும் சொல்லாத சார்" என்றாள் டென்னிஸிடம்.

அவர் சங்கமித்ராவின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு வேற எந்தப் பிள்ளைக்கு இப்படிக் கட்டின?"

"ஒரு பொண்ணு, சார். மதிக்கு அடுத்ததா வந்தாங்க."

லாரிகள் மறுபடி உறுமும் சத்தம் காதில் இருக்கும்போதே அவள் உள்ளே திரும்பி ஓடினாள். உணவுக்கூடத்தில், தகப்பன் மடியில் உட்கார்ந்து அந்தச் சிறுமி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். சங்கமித்ரா முன்னால் மண்டியிட்டு, கவுனைத் தூக்கி முடிச்சைப் பிடித்தாள். நகத்தால் நெம்பினாள். முடிச்சு அவிழவில்லை.

"இன்னா மேடம், நல்லா டைட்டாத்தானே கீது? வுடுங்க" என்றார் தகப்பன்.

அவள் நிமிரவில்லை. பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள்.