காபரேற்றர் மேல் விழுந்த பழி

இன்று மணப்பெண்ணை என் பழைய அமெரிக்கக் காரில் கோயிலுக்கு ஏற்றிப் போனேன். எல்லிங்ஸ்ருட் என்ற இடத்தைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது.

பின்னால் வந்த நண்பன் ரவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொனெட்டைத் திறந்தான். போன வாரம், எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டும் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டித் தந்தவன் அவன்தான்.

"நான்தான் பிழையாப் பூட்டிப்போட்டன் போல. குறை நினையாதேங்கோ ஐயா," என்று காரில் கூட வந்த பெண்ணின் அப்பாவிடம் கைகூப்பினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்றோல் அடிக்க மறந்திருந்தேன். அளவு காட்டும் முள் எப்போதோ பழுது.

நானும் ரவியோடு குனிந்து காபரேற்றரைப் பார்த்தேன். பெண் வேறு காரில் போனாள்.

சாப்பாட்டுப் பந்தியிலும் ரவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்து பாயசம் குடித்தேன்.

ரவி, பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்.

இந்தப் பதிவை வாசிக்கும் மற்றவர்கள் தாராளமாகத் திட்டலாம். பெண்ணின் அப்பா ஃபேஸ்புக்கில் இருக்கிறாரா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.