துபாயில் கம்பெனி, கப்பலில் முதலாளி

போன வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. தூத்துக்குடி துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலில், காய்கறி வைக்கும் குளிர் அறைக்குள், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே நான் ஒளிந்திருந்தேன். என்னைத் தேடிப் போலீஸ் வந்திருப்பதாகத் தகவல். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த வெயிலில் பல் கிடுகிடுக்க நடுங்கிய ஒரே தூத்துக்குடிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

எப்படி அங்கே போய் மாட்டினேன் என்பதைச் சொல்கிறேன்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பது என் தொழில். கரைக்கு வருகிற கப்பலின் சமையல்காரர் அரிசி கேட்பார், கோழி கேட்பார், கொத்தமல்லித் தழை கேட்பார். வாங்கிக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். இதற்கு உயிர்நாடி கழுத்தில் தொங்குகிற துறைமுக பாஸ். பேரில் ஒரு வழக்கு விழுந்தால் பாஸ் போய்விடும். பாஸ் போனால் வாசலுக்கு வெளியே நின்று கப்பலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், நானும், என்னை நம்பியிருக்கிற நாலு குடும்பமும்.

இப்படி நிம்மதியாகக் கோழி ஏற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் துபாயிலிருந்து போன் வந்தது. பேசியது காயல்பட்டினத்துக் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

“ஏலே, இங்கன ஒரு வீட்ட வருஷ வாடகைக்கு எடுத்து, சுற்றிப் பாக்க வாரவங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். நல்ல தொழில். ஆனா அதுக்கு இங்கன ஒரு கம்பெனி வேணும். என் விசா வேற இடத்துல இருக்கு, நான் பண்ணப்பிடாது. நீ கம்பெனி ஆரம்பி.”

“நான் தூத்துக்குடில இருக்கேன்ல.”

“நீ வரவே வேண்டாம். பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்தக்கூட போன்லயே போட்டுரலாம். ஊர்ல உக்காந்துக்கிட்டே நீ துபாய் முதலாளி.”

அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி, “மாடி ரூம் ஒழுகுது, அதுக்கு ஆள் கூப்பிட நேரமில்ல. துபாய்ல விருந்தாளிக்கு மெத்த விரிக்கப் போறாவளாம்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கம்பெனிக்கு மூன்று பெயர் கேட்டார்கள். மூன்றும் குலசாமி பெயராகவே எழுதிக் கொடுத்தேன். சாமி பெயர் அங்கே கூடாதாம். முத்து என்றேன். உலகத்தில் பாதிப் பேர் அதற்குமுன் முத்துக் குளித்துவிட்டார்கள் போல, கிடைக்கவில்லை. சரி, நம்ம கடல் சரக்கு இன்னொன்று இருக்கிறதே என்று சங்கு என்றேன். கிடைத்துவிட்டது. “ஆரம்பத்துலயே சங்கா,” என்றாள் மனைவி.

அடுத்து முகவரிக்கு ஆதாரமாகக் கரண்ட் பில் கேட்டார்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் என் அப்பா பேரில்தான் வருகிறது. அவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நம்ம ஊரில் பாதி வீட்டில் செத்தவர்கள்தான் கரண்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். துபாய் ஏஜென்ட் ஆபீஸில் இருந்த மலையாளப் பெண், ஆட்சேபணை இல்லை என்று அப்பாவிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். “அவர் இருக்கிற இடத்துக்குக் கொரியர் போகாதும்மா,” என்றேன். பேங்க் பாஸ்புக்கை வைத்துச் சமாளித்தோம். இங்கிருந்து அனுப்பவேண்டிய முதல் பணத்தையும் நம்ம பேங்க் வழியாகவே முறைப்படி அனுப்பினேன். அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் எங்கள் ஆடிட்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் போனில் கம்பெனி சர்டிபிகேட் வந்தது. அச்செடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். கம்பெனி பேரில் கூட்டாளி ஒரு வீட்டையும் வருஷ வாடகைக்கு எடுத்துவிட்டான். பாக்கி இருந்தது அந்த ஊரில் ஒரு பேங்க் கணக்கும், வீட்டை வாடகைக்கு விட அனுமதியும்தான். கணக்குத் திறக்க வீடியோவில் ஒரு பேட்டி.

இங்கேதான் ராகு உள்ளே வந்தார்.

முதல் பேட்டிக்குப் புதன்கிழமை நடுப்பகல் நேரம் கொடுத்தார்கள். சுத்தமான ராகு காலம். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அடுத்தது வெள்ளிக்கிழமை பதினொரு மணி. அதுவும் ராகு காலம். கப்பல் வந்துவிட்டது என்று எழுதினேன். மூன்றாவதாக வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கொடுத்தார்கள். அப்பாடா என்று சட்டையைத் தேய்த்து வைத்திருந்தேன். மனைவி சும்மா இருக்கக்கூடாதா, “ராகு காலம் நீங்க உக்காந்திருக்கிற ஊருக்கா, கம்பெனி இருக்கிற ஊருக்கா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ராகு காலமும் ஒன்றரை மணி நேரம். அதாவது அவர் இங்கே முடித்துக்கொண்டு நேராக அங்கே போகிறார், விசாகூட இல்லாமல். நமக்கு ஒரு மணி என்றால் அங்கே பதினொன்றரை. அங்கே அப்போது உச்ச ராகு. கரண்ட் இல்லை என்று எழுதி அதையும் தள்ளினேன்.

இனி தள்ளினால் விண்ணப்பம் ரத்து என்று சொல்லிவிட்டு, மறுபடியும் புதன்கிழமை நடுப்பகலையே கொடுத்தார்கள். ராகுவும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். கோட்டு போட்ட ஒரு இளைஞர், சிரிப்பே இல்லாத முகம், ஏன் மூன்று முறை தள்ளிவைத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உடம்பு, கப்பல், கரண்ட் மூன்றும் எனக்கு மறந்துபோய்விட்டது. ஒரு கிரகம் சார், என்றேன். கிரகமா என்றார். பாம்புக் கிரகம் என்று விளக்கினேன். ஒரு தாளைப் புரட்டினார். பிறகு, உங்கள் முடிவுகளை வேறு யாராவது பின்னாலிருந்து இயக்குகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்குமுன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டேன். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டு நாளில் மெயில் வந்தது. மேற்கொண்டு விசாரணை செய்தபிறகு முடிவு தெரிவிக்கப்படுமாம்.

விசாரணை என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் வெள்ளைக் கார் நின்றால் மாடிக்குப் போய்விடுவேன். டீக்கடையில் யாராவது பேப்பர் படித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கையில் போனை வைத்துக்கொண்டே போனைத் தேடினேன். ஆடிட்டரிடம் போய், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் போனபோது, “அண்ணாச்சி, இன்னொரு தடவ கேட்டியன்னா நானே உங்க மேல புகார் குடுத்துருவேன்,” என்றார். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

இதற்கு நடுவில் கூட்டாளி ஒருநாள் போன் செய்தான். கணக்கும் இல்லை, அனுமதியும் இல்லை, வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது என்றான். அப்புறம் ஏதோ ஆஸ்பத்திரி, யாரோ நம்ம பக்கத்து ஆட்கள், கொஞ்ச நாளைக்கு, காசெல்லாம் வாங்க வேண்டாம் என்று பேசிக்கொண்டே போனான். வாசலில் ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைந்தது. என் கண்ணும் காதும் அதன் மேல்தான் இருந்தன.

“என்னல, சரியா?” என்றான்.

“சரி சரி, செய்யி. பேங்க்லேர்ந்து ஏதும் சொன்னாவளா?” என்றேன்.

எதற்குச் சரி சொன்னேன் என்று அன்றைக்கும் தெரியாது, மறுநாள் நினைவும் இல்லை.

இரண்டு மாதம் ஓடியும் பேங்க் வாயைத் திறக்கவில்லை. இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். கப்பலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கடையைப் பார்த்துக்கொள்கிறவர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, ரெண்டு பேரு வந்திருக்காவ. ஒருத்தரு வேட்டி. இன்னொருத்தரு ஒட்ட வெட்டுன முடி, முறுக்கு மீச, கறுப்பு ஷூ. பாத்தா அப்படித்தான் தெரியுது.”

“எப்படித்தான்?”

“அப்படித்தான். துபாய் கம்பெனி முதலாளி யாருன்னு கேக்காவ. உங்கள நேர்ல பாக்காம போகமாட்டாவளாம்.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ஹார்பருக்குள்ள இருக்காருன்னு உண்மையச் சொல்லிட்டேன்.”

கடன்காரர்களிடம் என்னைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொல்கிற மனிதர் அவர். அன்றைக்குப் பார்த்து உண்மை பேசியிருக்கிறார். போனை அணைத்துவிட்டேன். பாஸ் இல்லாமல் யாரும் துறைமுகத்துக்குள் வரமுடியாது. ஆகவே நான் வெளியே போகாதவரைக்கும் என்னைப் பிடிக்க முடியாது. எந்தப் பாஸ் போய்விடுமோ என்று பயந்தேனோ அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன்.

கப்பல் சமையல்காரர் வெளிநாட்டுக்காரர், நல்ல மனுஷன். காய்ச்சலா என்று கேட்டு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். இந்தக் கப்பல் அடுத்து எங்கே போகிறது என்று கேட்டேன். கொழும்பு என்றார். கொழும்பில் யாரைத் தெரியும் என்று யோசித்துக்கொண்டே ஒரு கேரட்டைக் கடித்துத் தின்றேன். அது நானே விற்ற கேரட். பாஸ்போர்ட் வீட்டில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் தாண்டி, கப்பல் புறப்படப் போகிறது, கரை ஆட்கள் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இறங்கினேன். கீழே எங்கள் மினிலாரி டிரைவர் தன் போனை நீட்டினார். மறுமுனையில் மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“ஏளா, முதல்ல வக்கீலுக்கு ஒரு போன் போடு.”

“வக்கீல் எதுக்கு? அவங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சாவ. இப்ப உங்கள பாக்க ஹார்பர் கேட்டுக்கு வந்து நிக்காவ. ஒரு மூட மிளகா கொண்டாந்து இறக்கியிருக்காவ.”

“மிளகாயா? எதுக்கு?”

“குழம்புக்குத்தான். வேற எதுக்கு?”  பிறகு வேறு குரலில், “இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே,” என்றாள்.

பாஸைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன்.

வெளியே வேலமர நிழலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மீசைக்காரர் என்னைக் கண்டதும் விறைப்பாக நிமிர்ந்தார். நானும் பயத்தில் விறைத்தேன். வேட்டி கட்டியவர் வேகமாக வந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விலங்கு இல்லை என்பது உறைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் விவசாயி. மற்றவர் அவருடைய மச்சினர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விவசாயியின் மகன் துபாயில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, பிழைப்பானா என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் கடன் வாங்கிப் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று இரவு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே யாரையோ பார்க்க வந்த என் கூட்டாளி, நம்ம பக்கத்துப் பேச்சு காதில் விழுந்து நின்றிருக்கிறான்.

“தங்க எடமில்லன்னு சொன்னோம். அவரு அங்கனயே உங்களுக்குப் போன் போட்டாரு. வச்சதும் சாவிய எடுத்து நீட்டிட்டாரு. வீடு என் கூட்டாளி கம்பெனி வீடு, அவன் சரின்னுட்டான், நான் வெறும் சாவிக்காரன்னாரு. அந்த வீட்டுல கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போயித்தான் பையன தேத்துனோம் அண்ணாச்சி. இப்ப கம்ப ஊனிக்கிட்டு நடக்கான்.”

பட்டாளத்துக்காரர், “உங்க முகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்னுதான் உக்காந்துட்டோம். உள்ள வேல ரொம்பவோ?” என்றார்.

“ஆமா, காய்கறி எண்ணிக்கிட்டு இருந்தேன்,” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் என் கையை விடவில்லை. மிளகாய் பறித்துச் சிவந்த விரல்கள். அவற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. “ஐயா, நான் ஒரு பெரிய காரியமும் பண்ணல. அன்னிக்கு அவன் சொன்னது என் காதுலயே விழல. சும்மா சரின்னு சொல்லிவச்சேன்,” என்றேன்.

அவர் சிரித்தார். “காதுல விழுந்திருந்தா மட்டும் இல்லன்னா சொல்லியிருப்பீங்க?” என்றார்.

இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

பேங்க் செய்த விசாரணை என்னவென்று அடுத்த வாரம் தெரிந்தது. என் பேரில் ஒரு கரண்ட் பில் வேண்டுமாம், அவ்வளவுதான். அப்பா பேரை மாற்றினேன், கணக்கு திறந்தது, அனுமதியும் வந்தது. வீட்டுக்கு இப்போது விருந்தாளிகள் வந்துபோகிறார்கள். துறைமுக பாஸ் என் கழுத்தில்தான் தொங்குகிறது. கூட்டாளியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “காது கேக்காதவன்கிட்ட கேட்டது நல்லதாப் போச்சுல, அல்ஹம்துலில்லாஹ்,” என்று சிரித்தான்.

நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. காரணம், அந்த விவசாயியின் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவன் சொன்னது காதில் விழுந்திருந்தால், அனுமதி வராமல் ஒரு ஈ கூட உள்ளே போகக்கூடாது, வழக்கு வரும், என் பாஸ் போய்விடும், வேறு இடம் பார்க்கச் சொல்லு என்றுதான் சொல்லியிருப்பேன். ராகு காலத்துக்குப் பயந்து நான் செய்த கூத்தில் அந்த வீடு காலியாகக் கிடந்தது, வெள்ளைக் காருக்குப் பயந்ததில் என் வாயில் சரி வந்தது. என் நல்ல மனசுக்கு இதில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

அந்த மிளகாயில் இன்னும் கொஞ்சம் டப்பாவில் இருக்கிறது. மீன் குழம்பில் அது உறைக்கும்போதெல்லாம், அடுத்தமுறை யாராவது கேட்டால் காதில் நன்றாக விழுந்தபிறகும் அதே சரியைச் சொல்கிற ஆளாக நான் இருக்கவேண்டுமே என்று தண்ணீரைத் தேடிக்கொண்டே நினைத்துக்கொள்கிறேன்.