அவர் பேரில் எட்டு ஞாயிறு

கூடத்திலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது.

அடுப்படியில் பாலுக்குக் காவல் நின்றிருந்த ராமாமணி சட்டென்று திரும்பினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சிங்காநல்லூர் குளத்துக்கரையில், ஐந்து கிலோமீட்டர் நடந்து முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வரிசையில் நின்று கேட்கிற சத்தம் அது. அட்டையில் இருக்கிற கறுப்புக் கோடுகளுக்கு நேராகப் போனைப் பிடித்தால் வருகிற சத்தம்.

அட்டை டிவி மேசைமேல் கிடந்தது. கீதா வாசலில் வந்து நின்றதுமே எடுத்து ஒளித்திருக்க வேண்டும். மறந்துபோனாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

"அம்மா, பால் தீயற வாசம் வருதுங்க" என்று கூடத்திலிருந்து கீதாவின் குரல் கேட்டது.

"இதோ பாத்துட்டேன் கண்ணு" என்றாள் ராமாமணி.

கீதா ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருத்தி. பெருந்துறைப் பக்கத்துப் பெண். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பத்து வாரத்துக்கு முன்னால், ராமாமணியின் கணவர் கோவிந்தராஜுலு இறந்தபோது மாலையோடு வந்து அழுதுவிட்டுப் போனவள். இன்று வெள்ளிக்கிழமை, ஆபீஸ் விட்டு நேராக வந்திருக்கிறாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றாள். சும்மா வருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்காருவதில்லை.

அந்த ஓட்டத்துக்குக் காசு கிடையாது. போட்டியும் கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஓடலாம், நடக்கலாம். ஒரு தடவை பேரைப் பதிந்துகொண்டால் போதும், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், கோடு போட்ட ஓர் அட்டை. முடிவில் அதைக் காட்டினால், மதியத்துக்குள் பேரும் நேரமும் எத்தனையாவது ஓட்டம் என்பதும் போனுக்கு வந்துவிடும்.

கோவிந்தராஜுலுவுக்கு அறுபத்தாறு வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று புனேயிலிருக்கும் மகன் உதய்தான் பதிந்துவிட்டான். இரண்டே மாதத்தில் மனிதர் ஆள் மாறிப்போனார். சனிக்கிழமை ராத்திரியே ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்துவிடுவார்.

"ராமா, நீயும் வாயேன்" என்பார்.

"எதுக்குங்க?"

"சும்மா, கூட நடக்கறதுக்கு."

ராமாமணிக்குச் சுருக்கென்று கோபம் வரும். கிணத்துக்கடவில் பிறந்து, பத்தொன்பது வயதில் மில் ஃபிட்டரைக் கட்டிக்கொண்டு பீளமேட்டுக்கு வந்தவள். அன்று முதல் அவர் அவளோடு சேர்ந்து நடந்ததே இல்லை. கல்யாண வீடோ, கோயிலோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் பத்தடி முன்னால் போவார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கையில் குழந்தையும் தோளில் பையுமாக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நாற்பது வருஷம் நடந்தவள் அவள்.

"மருதமலைப் படியில என்னைய உட்டுட்டு மேல போயி டீ குடிச்ச ஆளுதானே நீங்க? இப்ப என்ன புதுசாக் கூட நடக்கறது? நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்."

அவர் சிரிப்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கூப்பிடுவார். இரண்டு வருஷம் கூப்பிட்டார். அவளுக்கு அந்தக் கூப்பிடுதல் பிடித்திருந்தது. மறுப்பது அதைவிடப் பிடித்திருந்தது. ஒருநாள் போகலாம் என்றுதான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு முன்பே அவர் பேரை அடிக்கிற வேலை தொடங்கியிருந்தது. ரேஷன் கார்டில் பேரை நீக்கு. கேஸ் கனெக்ஷனை மாற்று. கரண்ட் பில்லை மாற்று. இறப்புச் சான்றிதழை இருபது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு உதய் புனேக்குப் போனான். போன இடமெல்லாம் பேனாவால் அந்தப் பேரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்கள். அவள் எதிரிலேயே இழுத்தார்கள்.

காரியத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குளத்துக்கரைக்குப் போனது அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான். இங்கேயும் பேரை அடிக்கச் சொல்ல வேண்டுமே என்றுதான் போனாள். இருநூறு பேர் நின்றார்கள். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. விசில் ஊதினார்கள். கூட்டம் நகர்ந்தது. நடுவில் நின்றிருந்தவள் அதோடு சேர்ந்து நகர்ந்தாள். நகர்ந்துகொண்டே இருந்தாள். அழுதுகொண்டே ஐந்து கிலோமீட்டரும் நடந்துவிட்டாள். முடிவில் ஒரு காலேஜ் பெண் "கார்டு குடுங்க ஆன்ட்டி" என்று கை நீட்டினாள். கையிலிருந்ததைக் கொடுத்தாள்.

பீப்.

மதியம் அவர் போனில் செய்தி வந்தது. வாழ்த்துகள் கோவிந்தராஜுலு, இது உங்களுடைய தொண்ணூற்று இரண்டாவது ஓட்டம் என்று.

உலகமே அவரை அடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இடம் மட்டும் அவரைக் கூட்டி எழுதியது. ராமாமணி அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். எதிர்வீட்டு நாச்சியம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்: "ஏனுங் ராமாமணி, ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு எங்கீங் பொறப்பட்டுட்டீங்க? ஒரு மாசங்கூட ஆகலியே, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்க சொல்லட்டுங்க. உங்களுக்குக் கால் வலி எப்புடி இருக்குது?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினாள். நாச்சியம்மாளின் பேச்சை அவள் வெட்டியது நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஓட்டத்தில் யாரோடும் பேசவில்லை. வாரம் ஓர் ஆளாக அட்டையை வாங்கினார்கள். யாரும் பேரைப் படிக்கவில்லை. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. போன ஞாயிறோடு தொண்ணூற்று ஒன்பது. வருகிற ஞாயிறு நூறு. நூறு முடித்தால் கறுப்புப் பனியன் கொடுப்பார்கள், பேரை மைக்கில் கூப்பிடுவார்கள் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பேரை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிடக் கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று இருந்தாள்.

காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். கீதாவின் கையில் அட்டை இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நம்பர் இதுதானான்னு பாத்தேன்."

"காப்பி ஆறிரும், குடி அம்மணி."

"நூறு முடிக்கிறவங்க லிஸ்ட்டை நான்தான் எடுப்பேன். ஐயா பேரு வந்துதுங்க. எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. பாத்தா ஒரு மணி நேரம், ஒரு மணி ரெண்டு நிமிசம்னு வருது. ஐயா நாப்பது நிமிசத்தைத் தாண்டுனதே இல்லீங்களே. அப்பறம் ஓட்டத்துல எடுத்த போட்டோவைப் பாத்தேன். கடைசியில நீங்க நடந்து வாரீங்க."

ராமாமணி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். திருட்டில் பிடிபட்டவள் மாதிரி முகம் வெளுத்துப்போனது.

"யாராச்சும் கேட்டாங்களா கண்ணு?"

"ஒருத்தர் கேட்டாருங்க. நம்ம கோவிந்தராஜுலு நாயுடு சாருக்கு நாம மலர்வளையம் வச்சமே, அவரு பேரு வருதேன்னு."

"நான் யாரு எடத்தையும் புடுங்கலியே."

"இல்லீங்கம்மா. ஆனா நீங்க கரையில மயங்கி உழுந்தீங்கன்னு வச்சுக்கங்க. நாங்க இந்த நம்பரைப் பாத்துத்தான் ஊட்டுக்காரங்களுக்குச் சொல்லுவோம். ஐயா குடுத்திருக்கற அவசர நம்பரு உங்களுது. உங்களுக்கு ஒண்ணுன்னா உங்களையேதாங்க கூப்புடோணும்."

ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. கீதா எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வாரம் அம்மணி. நூறு முடிஞ்சா நானே நிறுத்திப்போடறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மைக்கில அந்தப் பேரைச் சொல்லிக் கேக்கோணும்."

கீதா வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரிங்கம்மா. ஞாயித்துக்கெழம நானே ஸ்கேன் பண்றேன். கேட்டவருக்கு நான் சொல்லிக்கறேன். நடந்துருங்க" என்றாள்.

ராமாமணி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயாவும் நூறைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாருங்க" என்றாள் கீதா. "உங்களுக்கும் பதிஞ்சிருக்காரே, தெரியுங்களா?"

"எனக்கா?"

"போன வருசம் பொங்கல் முடிஞ்ச வாரம். என்கிட்டத்தான் போனைக் குடுத்துப் பதியச் சொன்னாரு. கார்டு எடுத்துத் தரட்டுங்களான்னு கேட்டேன். 'வேண்டாம் கண்ணு, இப்பக் குடுத்தா கோவிச்சுக்குவா. மொதல்ல வரட்டும்'னாரு." கீதா போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டினாள்.

ராமாமணி. வயது அறுபத்து மூன்று. அவசரத்துக்குக் கோவிந்தராஜுலுவின் நம்பர். ஓட்டங்கள்: பூஜ்யம்.

"'கல்யாணம் ஆனதுலேர்ந்து முன்னாலயே நடந்துபோட்டேன் கண்ணு, அது அவளுக்கு ஆறல. நூறாவது ஓட்டம் ஓடமாட்டேன். அவளைக் கூட்டிக்கிட்டுக் கடைசி ஆளா, அவ பக்கத்துலயே நடந்து வாரேன். நீ மைக்குல ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புடோணும்'னாருங்க. நான் கூட, அம்மா வருவாங்களான்னு கேட்டேன். 'வருவா, ரோசக்காரி, மெதுவாத்தான் வருவா'ன்னாரு."

ராமாமணி அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக வந்து அவள் நெஞ்சின்மேல் உட்கார்ந்தன. வாயேன், வாயேன் என்று அவர் கேட்ட கேள்விகள். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று அவள் தள்ளிப்போட்ட பதில்கள்.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏமண்டி" என்றாள். புருஷனை அவள் கூப்பிடுகிற தெலுங்கு வார்த்தை. "ஏமண்டி, ஏமண்டி" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். பத்து வாரமாக வந்து போனவர்கள் எதிரில் அழாத அழுகை அது. கீதாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது. ராமாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிச்சிரு கண்ணு."

"அம்மா?"

"அந்த எட்டையும் அவரு பேருலேர்ந்து அடிச்சிரு."

"நான்தான் ஞாயித்துக்கெழம பாத்துக்கறேன்னு சொன்னனுங்களே!"

"ரெண்டு பேரா நடக்கோணும்னு அவரு வச்சிருந்த நூறு அது. நான் ஒத்தையில நடந்து முடிச்சுப்போட்டு, மைக்கில அவரு பேரை மட்டும் எந்த மூஞ்சியோட கேக்கறது? அவரு ஓடுனது தொண்ணூத்தி ஒண்ணு. அதுவே இருக்கட்டும்."

"அப்ப அந்த எட்டையும் உங்க பேருக்கு மாத்தித் தாரேன். நீங்கதானே நடந்தீங்க?"

ராமாமணி தலையாட்டினாள். "வேண்டாம் அம்மணி. அவரு கூப்புட்டப்ப நான் ஒருநாளும் வரல. பூஜ்யமே இருக்கட்டும். அது பொய்யில்லையே."

கீதா தயங்கினாள். "இப்பவேங்களா?"

"இப்பவே. என் முன்னாலயே. எல்லாரும் என் முன்னாலதானே அடிச்சாங்க."

கீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஒவ்வொரு வாரமாகத் தேடி அடிக்க அடிக்க, ஓட்டக் கணக்கு இறங்கியது. தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஏழு. ராமாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றில் கீதாவின் விரல் நின்றது.

"ம், அடி" என்றாள் ராமாமணி.

தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று ஒன்று.

அவ்வளவுதான். அவர் இறந்து பத்து வாரமாகியும், அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்தது அப்போதுதான்.

கீதா எழுந்தாள். காப்பி குடிக்காமலே ஆறிப்போயிருந்தது. "சூடு பண்ணித் தரட்டா?" என்றதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வருவீங்களாம்மா? உங்க பேருல?"

"தெரியல கண்ணு." ராமாமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு இருந்து கூப்புட்டிருந்தா வந்திருப்பேன். இப்பக் கூப்புட ஆளில்லையே."

"நான் கூப்புடறனுங்களே."

"நீ கூப்புடறது வேற அம்மணி. இருட்டீட்டு வருது, பாத்துப் போ."

"வாரேனுங்கம்மா."

வண்டி கிளம்பியது. தெருமுனையில் அதன் சிவப்பு விளக்கு திரும்பி மறையும்வரை ராமாமணி நின்றாள். எதிர்வீட்டில் நாச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள், எதையோ கேட்க வாயெடுத்தாள், முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே உள்ளே போனாள்.

ராமாமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.